லைசென்ஸ் கொடுத்தாயிற்று, அப்புறம் அந்தத் துப்பாக்கியை யார் கவனிப்பது?

கேட்டிருப்பது இது: பக்கத்துத் தோட்டத்துக்காரர் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கிறார். குடிப்பழக்கம் உண்டு, வீட்டில் அடிதடி உண்டு, போன மாதம் வரப்புத் தகராறில் "ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் சுட்டுப்போடுவேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். இப்படிப்பட்டவருக்குப் போலீஸ் எப்படி லைசென்ஸ் கொடுத்தது, தகுதி என்று எதையாவது பார்க்கிறார்களா, இல்லை காசு கொடுத்தால் போதுமா என்கிறீர்கள். நியாயமான கோபம்தான். ஆனால் அதற்குள் இருக்கும் கேள்வி வேறு. லைசென்ஸ் வாங்கிய காலத்தில் அந்த மனிதர் ஒழுங்காகவே இருந்திருக்கலாம். இன்றைக்கு அப்படி இல்லை என்பது ஊருக்கே தெரிகிறது. கவனிக்க வேண்டியவர்களுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கிறதா, சேர்ந்தால் அவர்களால் என்ன செய்ய முடியும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

நான் சப்-இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஸ்டேஷன்கள், கடைசிக் காலத்தில் மாவட்டத் தனிப்பிரிவு, அதாவது எஸ்.பி.க்காகத் தகவல் சேகரிக்கும் பிரிவு. துப்பாக்கி லைசென்ஸுக்கு விசாரணை அறிக்கை எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைப் படித்து மேலே அனுப்புவதும் என் வேலையில் ஒரு பகுதி. வக்கீல் அல்ல, கோர்ட்டில் எது நிற்கும் என்பதைப் பற்றி நான் சொல்வதை ஒரு வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நகரத்து நடைமுறையில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் கிராமப்புற மாவட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

முதலில் ஒன்று. மாவட்டங்களில் லைசென்ஸ் கொடுப்பது போலீஸ் அல்ல, மாவட்ட நடுவர் (மாஜிஸ்திரேட்) என்ற முறையில் கலெக்டர். சென்னை மாதிரி கமிஷனர் இருக்கும் நகரங்களில் அந்த அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கும். தடை செய்யப்பட்ட ரகத் துப்பாக்கி என்றால் மத்திய உள்துறை அமைச்சகம். போலீஸின் வேலை அறிக்கை கொடுப்பது. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 13-இன்படி விண்ணப்பம் வந்ததும் கலெக்டர் அந்த எல்லையின் ஸ்டேஷன் அதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும். 2016-இல் வந்த ஆயுத விதிகள் அதற்கு 30 நாள் கெடு வைத்திருக்கின்றன. கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால் அது இல்லாமலே கலெக்டர் உத்தரவு போடலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. இது பலருக்கும் தெரியாது. ஸ்டேஷனில் கோப்பு தூங்கினால் அது விண்ணப்பதாரருக்குச் சாதகமாகவும் முடியலாம்.

சட்டம் யாரை நேரடியாகத் தடுக்கிறது என்பதில் குழப்பம் இல்லை. 21 வயது நிரம்பாதவர். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்று, அது முடிந்து ஐந்து வருஷம் ஆகாதவர். அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பாண்ட் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவு போடப்பட்டு அந்த பாண்ட் காலம் ஓடிக்கொண்டிருப்பவர். பிரிவு 9 இவர்களை வெளியே நிறுத்துகிறது. சித்த சுவாதீனம் இல்லாதவருக்கும், வேறு எந்தக் காரணத்தாலும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவர் என்று அதிகாரி கருதுபவருக்கும் பிரிவு 14-இன்படி மறுக்கலாம். பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணத்துக்காகவும் மறுக்கலாம். சொத்து போதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. நடைமுறையில் சொத்து மதிப்புச் சான்றிதழைத்தான் ஆசாமிகள் முதலில் தூக்கிக்கொண்டு வருவார்கள், அது வேறு கதை.

பயிர்ப் பாதுகாப்புக்கு இன்னொரு சலுகை உண்டு. குழல் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை உண்மையான பயிர்க் காவலுக்குக் கேட்டாலோ, குழல் நீளம் 20 அங்குலத்துக்குக் குறையாத சாதாரண வேட்டைத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்டாலோ, தடை ஏதும் இல்லாத பட்சத்தில் லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்கிற தொனியில்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. கைத்துப்பாக்கி கேட்பவர்தான் தனக்கு அது ஏன் தேவை என்று காட்ட வேண்டியவர். உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சட்டத்தின் கண்ணில் சுலபமான வரிசையில் நின்றவர் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பயிர்க் காவல் லைசென்ஸ் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி ஆகாது. அதற்கு 1972 வனவிலங்குச் சட்டம் தனியாக இருக்கிறது. வெடிச் சத்தம் காட்டி விரட்டத்தான் அந்தத் துப்பாக்கி என்று நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், தலையை ஆட்டுவார்கள்.

சரி, தகுதி பார்ப்பது எப்படி நடக்கிறது? கலெக்டர் அலுவலகத்திலிருந்து எஸ்.பி. அலுவலகம், அங்கிருந்து டி.எஸ்.பி., இன்ஸ்பெக்டர், கடைசியில் ஸ்டேஷன் என்று கோப்பு இறங்கி வரும். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரரான ரைட்டர் பதிவேடுகளைப் புரட்டுவார்: பழைய குற்றவாளிகள் பட்டியல், ரவுடி பட்டியல், பாண்ட் உத்தரவுகள், நிலுவை வழக்குகள். இப்போது கம்ப்யூட்டரில் பெயரைப் போட்டாலே மற்ற மாவட்டத்து எஃப்.ஐ.ஆர்.களும் வந்துவிடுகின்றன, அது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். அதற்கப்புறம் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். அறிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நான் போனால் விண்ணப்பதாரரிடம் அதிகம் பேச மாட்டேன். துப்பாக்கியை எங்கே வைப்பீர்கள் என்று கேட்பேன், அந்த இடத்தைக் காட்டச் சொல்வேன். பீரோவைக் காட்டினால் சாவி யாரிடம் என்று கேட்பேன். பூட்டில்லாத அறையின் மூலையையோ, களத்து மேட்டுக் குடிசையையோ காட்டியவர்கள் உண்டு. வீட்டில் வளர்ந்த பையன்கள் எத்தனை பேர், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பேன். பிறகு தண்ணீர் வாங்கிக் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுப் பக்கம் போய் வீட்டம்மாவிடம் இரண்டு வார்த்தை. "பன்னி தொந்தரவு அதிகமுங்களா?" என்று ஆரம்பித்தால் போதும். பெரும்பாலும் "ஆமாங்க சார், மக்காச்சோளம் ஒண்ணும் மிஞ்சறதில்லைங்க" என்பார்கள். சில இடத்தில் அந்த அம்மா கூடத்துப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நமக்கெதுக்குங்க சார் துப்பாக்கி" என்று மெதுவாகச் சொல்வார். அந்தப் பதில் கிடைத்தால் டீக்கடை, பக்கத்துத் தோட்டம், வி.ஏ.ஓ. என்று ஒரு சுற்றுக் கூடுதலாக விசாரிப்பேன். விண்ணப்பப் படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. எழுத வேண்டுமென்றால் தனியாகத்தான் எழுத வேண்டும், எழுதியதற்கு ஆதாரமும் கேட்பார்கள்.

எல்லா அறிக்கையும் இப்படி வராது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. திருவிழா பந்தோபஸ்து, வி.ஐ.பி. பந்தோபஸ்து, நாலு கோர்ட் சம்மன் நடுவில், "மனுதாரர் நன்னடத்தை உள்ளவர், இவர் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை, லைசென்ஸ் வழங்க ஆட்சேபணை இல்லை" என்று மூன்று வரியில் முடிந்த அறிக்கைகளை நிறையவே படித்திருக்கிறேன். அவற்றில் பொய் எதுவும் இருக்காது, ஒரு மனிதனைப் பற்றிய தகவலும் இருக்காது. வழக்கில்லை என்பதையும் தகுதி உண்டு என்பதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. அடி வாங்கும் பெண்கள் எத்தனை பேர் எஃப்.ஐ.ஆர். வரை போகிறார்கள்?

மருத்துவச் சான்றிதழ் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. 2016 விதிகள் வந்த பிறகு உடல் தகுதி, மனநலம் இரண்டுக்கும், போதைப் பொருளுக்கு அடிமையானவர் அல்ல என்பதற்கும் டாக்டர் சான்று தர வேண்டும். நல்ல விதி. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை ஐந்து நிமிஷம் பார்த்து, இவர் குடிகாரர் அல்ல, மனம் கலங்கியவர் அல்ல என்று எந்த டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியும்? நம் ஊரில் ஒருவருடைய மருத்துவ வரலாறு ஒரே இடத்தில் இருப்பதில்லை. பயிற்சிச் சான்றிதழ், துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்கிற உறுதிமொழி, இவையும் வாங்குகிறார்கள். காகிதம் சேர்கிறது. அதில் எது உண்மையான சோதனை, எது சம்பிரதாயம் என்பது ஆளுக்கு ஆள், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும்.

காசு கொடுத்தால் போதுமா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் காசை விடச் சிபாரிசுதான் அதிகம் வேலை செய்யும். துப்பாக்கி பல பேருக்குக் காவலுக்காக அல்ல, கௌரவத்துக்காக. அதே சமயம் பெரிய அளவில் விற்பனையே நடந்ததாக வழக்கும் உண்டு. ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை 2.78 லட்சத்துக்கும் மேற்பட்ட லைசென்ஸ்கள் முறைகேடாகக் கொடுக்கப்பட்டன என்று சி.பி.ஐ. வழக்குப் போட்டு, அந்தக் காலத்தில் மாவட்டப் பொறுப்பில் இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரிகளையே கைது செய்தது. இப்போது ஒவ்வொரு லைசென்ஸுக்கும் தேசியத் தரவுத்தளத்தில் ஒரு தனி எண் வாங்க வேண்டும் என்று வைத்திருப்பதால் அந்த மாதிரி கண்மறைவு வேலை கடினமாகியிருக்கிறது.

இனி கொடுத்த பிறகு நடப்பது. 2019 திருத்தத்துக்கு முன் லைசென்ஸ் மூன்று வருஷத்துக்கு; இப்போது ஐந்து வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை லைசென்ஸையும் துப்பாக்கியையும் அதிகாரி முன் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்று குறைத்ததும் அப்போதுதான். அதற்கு முன் மூன்று. கல்யாணம், கோயில் விழா என்று ஆகாயத்தை நோக்கிச் சுட்டால் இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ. புதுப்பிக்கும்போது மறுபடியும் ஸ்டேஷன் அறிக்கை கேட்பார்கள். முதல் முறை மூன்று வரி எழுதியிருந்தால் இரண்டாம் முறை இரண்டு வரி.

அந்த ஐந்து வருஷத்துக்கு நடுவில் துப்பாக்கியைப் போலீஸ் கண்ணால் பார்ப்பது பெரும்பாலும் தேர்தல் வந்தால்தான். தேர்தல் ஆணையத்தின் அறிவுரைப்படி மாவட்டத்தில் ஒரு குழு உட்கார்ந்து யார் யார் ஒப்படைக்க வேண்டும் என்று முடிவு செய்யும். வங்கிக் காவலர்கள், போட்டிகளில் சுடும் விளையாட்டு வீரர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் துணி சுற்றி, கோணிப்பையில் போட்டு, டூவீலரில் வைத்துக் கொண்டு வருவார்கள். ரைட்டர் குழலில் வெட்டியிருக்கும் நம்பரை லைசென்ஸோடு ஒப்பிட்டு, பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, ரசீது கொடுத்து, ஆயுத அறையில் சாத்தி வைப்பார்.

அனுபவப்பட்ட ரைட்டருக்கு அந்தப் பத்து நிமிஷத்தில் பல விஷயம் தெரிந்துவிடும். துரு ஏறி, குருவி கூடு கட்டாத குறையாக இருக்கும் துப்பாக்கி. இவர் எடுப்பதே இல்லை. எண்ணெய் மினுங்க, மருந்து வாடையோடு வரும் துப்பாக்கி. ராத்திரி காட்டுக்குள் போகிறவர் என்று வனத்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம். லைசென்ஸில் கடைக்காரர் பதிந்திருக்கும் தோட்டாக் கணக்கும் கையில் இருப்பதும் ஒத்துப் போகாதவர் உண்டு. அப்பா செத்து வருஷக்கணக்காகி, மகன் எடுத்துக்கொண்டு வந்து "அப்பாதுங்க" என்று நிற்பதும் உண்டு. அந்தப் பையனுக்குத் தெரியாது, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தைத் தானே ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்திருக்கிறான் என்று. லைசென்ஸ்தாரர் இறந்தால் உடனே ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். விதியில் அதற்கு இடம் இருக்கிறது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் இதற்கு முன்னுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி லைசென்ஸ் பதிவேடு சட்டம் ஒழுங்கு ஸ்டேஷனில் இருக்கும். புருஷன் அடிக்கிறான் என்று ஒரு பெண் கொடுக்கும் மனு அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகும், அது பெரும்பாலும் வேறு ஊரில், வேறு இன்ஸ்பெக்டர் கையில். அங்கே சி.எஸ்.ஆர். (மனுவைப் பதிவு செய்து தரும் ரசீது) போட்டு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி முடித்துவிடுவார்கள். அந்தப் புருஷன் பெயரில் ஒரு துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்க அந்த மனுவில் எதுவும் நினைவூட்டாது. வரப்புத் தகராறு நம் ஸ்டேஷனுக்கு வரும். ஆனால் அது சிவில் விவகாரம், தாசில்தாரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு தரப்பையும் பாண்ட் எழுத வைக்க அனுப்பினால் அது வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.விடம் போகும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 110 பிரிவுகள், அதற்குப் பதிலாக வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ்.-இல் 126, 129. நான் மேலே சொன்னேன் அல்லவா, பாண்ட் உத்தரவு போடப்பட்டவர் அந்தக் காலம் முடியும் வரை துப்பாக்கி வைத்திருக்கவே சட்டம் அனுமதிக்காது. கோயில் திருவிழாச் சண்டைக்காக ஒரே நாளில் பத்து இருபது பேரை பாண்ட் எழுத வைக்கும் ஊரில், அந்தப் பட்டியலையும் துப்பாக்கிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எத்தனை பேர்? தனிப்பிரிவில் இருந்தபோது இதைப் பார்க்கும் பழக்கத்தை நாங்கள் சில ஸ்டேஷன்களில் உண்டாக்கினோம். சுற்றறிக்கைக்கு அடங்காத வேலை இது, அந்தந்த இன்ஸ்பெக்டரின் அக்கறையைப் பொறுத்தது.

ஒருவன் ஆபத்தானவனாக மாறிவிட்டான் என்பதற்கான தகவல் பெரும்பாலும் போலீஸிடம் ஏற்கெனவே இருக்கும். துப்பாக்கிக் கோப்பில் மட்டும் இருக்காது. இதை நம் நாட்டுக் குறை என்று மட்டும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் லைசென்ஸ் கொடுப்பதும் பறிப்பதும் முழுக்கப் போலீஸ் கையிலேயே இருக்கிறது, தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள். 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஒரு ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, அடுத்த ஆண்டே கைத்துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து கிட்டத்தட்ட முழுதாக எடுத்துவிட்டார்கள். அங்கேயும் 2012 புத்தாண்டு தினத்தன்று, டர்ஹம் வட்டாரத்து ஹோர்டன் என்ற ஊரில், ஆறு துப்பாக்கிகளைச் சட்டப்படி வைத்திருந்த ஒருவர் தன்னோடு வாழ்ந்த பெண்ணையும், அவருடைய சகோதரியையும், சகோதரியின் மகளையும் சுட்டுக் கொன்றுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டார். பிறகு கோப்பைப் பிரித்துப் பார்த்தால், லைசென்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு ஊழியர் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: வீட்டுச் சண்டைப் புகார்கள் நான்கு இருக்கின்றன, மறுக்கலாம் என்று தோன்றுகிறது, மறுக்கப் போதுமான தகவல் இருக்கிறதா? போதாது என்று நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு முறை தன்னையே சுட்டுக்கொள்வேன் என்று மிரட்டியதால் துப்பாக்கிகளை எடுத்துப் போய், பிறகு திருப்பியும் கொடுத்தார்கள். அந்தக் குறிப்பை எழுதிய ஊழியரின் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நம் ஊர் ஸ்டேஷனிலும் தினம் அதே தயக்கம்தான்: மனசுக்குத் தெரிகிறது, காகிதத்தில் எழுத ஆதாரம் இல்லை.

2021 ஆகஸ்டில் பிளிமத் நகரத்தின் கீஹம் பகுதியில் நடந்ததும் அதே வகை. ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் அடித்ததற்காக ஒரு இளைஞரின் துப்பாக்கியையும் லைசென்ஸையும் போலீஸ் எடுத்துக்கொண்டது. சில மாதம் கழித்து ஜூலையில் திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி அவர் தன் தாயையும், மூன்று வயதுக் குழந்தை உள்பட இன்னும் நால்வரையும் சுட்டுக் கொன்றார். 2023-இல் மரண விசாரணை ஜூரி, அந்த மாவட்டப் போலீஸின் லைசென்ஸ் பிரிவு கடுமையாகத் தவறியது என்றே முடிவு சொன்னது. இப்போது அங்கே குடும்ப டாக்டரின் தகவல் இல்லாமல் லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பவர் என்ற குறிப்பு அவருடைய மருத்துவப் பதிவிலேயே இருக்கும்படியும் செய்திருக்கிறார்கள். மனநிலை மாறினால் டாக்டர் போலீஸுக்குச் சொல்லலாம். நமக்கு அந்த வசதி வர நாளாகும்.

சரி, தெரிந்தால் என்ன செய்யலாம்? பிரிவு 17-இன்படி கலெக்டர் லைசென்ஸை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். தகுதியற்றவர் என்று கருதினால், பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ அவசியம் என்றால், உண்மையை மறைத்து வாங்கியிருந்தால், நிபந்தனையை மீறியிருந்தால். காரணத்தை எழுதித்தான் செய்ய வேண்டும், லைசென்ஸ்தாரருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. சிக்கல் அதில்தான். ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பது மட்டுமே ரத்து செய்யப் போதாது, அந்தத் துப்பாக்கி இவர் கையில் இருப்பதால் பொது அமைதிக்கு எப்படிக் கெடுதி என்று உத்தரவில் தெரிய வேண்டும் என அலகாபாத் உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. துப்பாக்கி லைசென்ஸ் அடிப்படை உரிமை அல்ல, அது ஒரு சலுகை என்றும் நீதிமன்றங்கள் சொல்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் எந்த அளவு ஆதாரம் போதும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். அடித்துச் சொல்ல முடியாது. அடித்துச் சொல்ல முடிவது ஒன்றுதான்: "எஸ்.பி. அறிக்கையின் பேரில்" என்று ஒரு வரியில் போட்ட ரத்து உத்தரவு பெரும்பாலும் நிற்பதில்லை, தேதி, இடம், சாட்சி என்று எழுதிய உத்தரவு நிற்க வாய்ப்பு அதிகம்.

அதற்கும் வேகமான ஒரு வழி பிரிவு 22-இல் இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. ஒருவரிடம் ஆயுதம் இருப்பது பொது அமைதிக்கு ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால், அந்தக் காரணத்தைப் பதிவு செய்துவிட்டு, அவருக்கு லைசென்ஸ் இருந்தாலும்கூட வீட்டைச் சோதனையிட்டு ஆயுதத்தைக் கைப்பற்றிப் பாதுகாப்பில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். லைசென்ஸ் ரத்து விசாரணை மாதக்கணக்கில் ஓடும்போது துப்பாக்கி எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு இதுதான் பதில்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வாய்மொழியாகச் சொல்லாதீர்கள், மனுவாக எழுதுங்கள். தலைப்பிலேயே "லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் கொலை மிரட்டல்" என்று வரட்டும். வெறும் வரப்புத் தகராறு என்று போனால் தாசில்தாரைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். எந்தத் தேதி, எந்த இடம், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, கேட்டவர்கள் பெயர். அப்போது குடித்திருந்தாரா, துப்பாக்கி கையில் இருந்ததா என்பதையும் எழுதுங்கள். இல்லையென்றால் இல்லை என்றே எழுதுங்கள், கூட்டிச் சொன்னது ஒன்று வெளிப்பட்டால் மற்றதெல்லாம் விழுந்துவிடும். கொலை மிரட்டல் தனியாகவே குற்றம், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தில் பிரிவு 351. மனுவை ஸ்டேஷனில் கொடுத்துச் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், நகலை எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கலெக்டர் நகலில் ஆயுதச் சட்டம் பிரிவு 17, 22 என்று குறிப்பிட்டு நடவடிக்கை கேளுங்கள். அவர்தான் லைசென்ஸ் அதிகாரி, அந்த மனு வந்தால் ஸ்டேஷன் அறிக்கை கேட்டே ஆக வேண்டிய நிலை வரும்.

அந்த வீட்டம்மா முன்பே மகளிர் ஸ்டேஷனில் மனு கொடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும் என்றால், அப்படி ஒரு மனு இருப்பதாக மட்டும் சொல்லுங்கள். அவரைக் கேட்காமல் அவர் பெயரில் விவரம் எழுத வேண்டாம். துப்பாக்கி இருக்கும் வீட்டில் யார் சொன்னது என்ற கேள்வி முதலில் அவர் மேல்தான் விழும். அவர் தானாகப் பேச முன்வந்தால் 181 எண்ணைக் கொடுங்கள். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்கிற நிலைமை என்றால் மனு எல்லாம் அப்புறம், உடனே 100 அல்லது 112. ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் மனு மீது எடுத்த நடவடிக்கையைக் கேளுங்கள். அவருடைய லைசென்ஸ் விவரத்தைக் கேட்டால் மூன்றாம் நபர் தகவல் என்று மறுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் மனு என்ன ஆயிற்று என்று கேட்டால் அந்தக் காரணம் சொல்ல முடியாது.